பூட்டும் திறப்பும்

என் சாச்சி முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக எங்கள் ஊர்ப் பெண்களின் தாலாட்டுப் பாடல்களை ஆராய்ந்தவர். ஆய்வேட்டை ஒப்படைத்த அன்று நூலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆய்வேட்டை இணையத்தில் உடனே திறப்பதா, ஒரு வருடம், இரண்டு வருடம் அல்லது ஐந்து வருடம் கழித்துத் திறப்பதா என்பது கேள்வி. "உடனே போட்டால் களவெடுத்திடுவாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சாச்சி ஐந்து வருடத்துக்கு நேரே அடையாளமிட்டார். இதைத்தான் தடைக்காலம் என்கிறார்கள்.

சென்ற வருடம் என் வகுப்புத் தோழி அந்த ஆய்வேட்டைத் தேடினாள். சாச்சிக்குப் பாடிக் கொடுத்தவர்களுள் அவளுடைய உம்மம்மாவும் ஒருவர். அவர் மௌத்தாகிவிட்டார். திரையில் தலைப்பும் சாச்சியின் பெயரும் சுருக்கமும் வந்தன. பாடல்கள் வரவில்லை. தன் உம்மம்மாவின் பாட்டை வாசிக்க அவள் இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்!

தடைக்காலமே கூடாது என்பதல்ல என் கருத்து. கண்டுபிடிப்பொன்றுக்குக் காப்புரிமை பெற இருப்பவர் அதை முன்பே வெளியிட்டால் அந்த வாய்ப்பை இழக்கலாம். தகவல் தந்தவர்களின் அந்தரங்கத்தையும் காக்க வேண்டும். ஆய்வேட்டை நூலாக்க விரும்பும் இளம் ஆய்வாளர்களுக்காக, ஆறு வருடம் வரை தடைக்காலத்தை அனுமதிக்குமாறு அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 2013இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இவையெல்லாம் காரணங்கள். வெறும் பயம் காரணமாகாது.

களவுக்குப் பயந்து பூட்டுகிறோம். ஆனால், திகதியோடு எல்லோர் கண்ணிலும் படும் ஆய்வேடுதானே அது நம்முடையது என்பதற்கு நல்ல சாட்சி! பதிப்புரிமை வேறு, தடைக்காலம் வேறு. திறந்து வைப்பதால் மட்டும் உரிமை போய்விடாது.

"பொம்புளப் பிள்ளைட பேர் இணையத்தில் எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டிய பின்னும் பெயரும் தலைப்பும் பொதுவாகத் தெரியத்தான் செய்யும். மறைவது பிள்ளையின் உழைப்பு மட்டுமே.

ஸ்டீபன் ஹோக்கிங்கின் 1966ஆம் ஆண்டு ஆய்வேட்டை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2017 ஒக்டோபரில் இணையத்தில் திறந்தபோது, வாசிக்க வந்த கூட்டத்தைத் தாங்காமல் அந்தத் தளமே முடங்கியது. நம் ஆய்வேட்டுக்கு அத்தனை பேர் வரமாட்டார்கள். தேடி வரும் ஒருவர் என் தோழியைப் போன்றவராக இருக்கலாம்.

விடயத்தைச் சொன்னதும் சாச்சி அன்றிரவே அந்த அத்தியாயத்தை அவளுக்கு அனுப்பினார். "பூட்டினது நான், திறப்பும் என்ட கையிலதானே இருந்திச்சு" என்று வருந்தினார். மீதிக் காலத்தை நீக்கும்படி நூலகத்துக்கும் எழுதியிருக்கிறார்.

நாளை பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் தோழியரே, அந்தப் படிவம் உங்கள் கைக்கும் வரும். ஏன் பூட்டுகிறேன், எத்தனை காலத்துக்கு, யாரிடமிருந்து என்று கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள். விடை இல்லையென்றால் திறந்தே வையுங்கள்.