ரயில் ஜன்னலுக்கு வெளியே யாருடைய நிலம்?



முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். விமானத்தை விட்டு ரயிலில் ஊர் சுற்றுகிறேன் என்று எனக்குள் கொஞ்சம் மிதப்பு இருந்தது. சுவீடனின் வடகோடியில் உள்ள கிருனாவிலிருந்து நோர்வேயின் நார்விக் வரை போன ஒரு நாள் அதைக் கீழே இறக்கி வைத்தது.

ஏறக்குறைய மூன்று மணித்தியாலப் பயணம். தோர்னேத்ரெஸ்க் ஏரி முடியாமல் கூடவே வந்தது. அபிஸ்கோவில் மலையேற வந்தவர்கள் பெரிய பைகளோடு இறங்கினார்கள். எல்லை தாண்டியதும் கீழே ஃபியோர்ட். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு வடிவு.

ஓரிடத்தில் எங்கள் ரயில் ஒதுங்கி நின்றது. ஒற்றைத் தண்டவாளம். எதிரே, நார்விக் துறைமுகத்தில் இரும்புத்தாதைக் கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பும் சரக்கு ரயில். 68 பெட்டிகள், முக்கால் கிலோமீற்றர் நீளம். அப்பதான் உறைத்தது: இந்தப் பாதை எங்களுக்காகப் போட்டதில்லை, தாதுக்காகப் போட்டது. 1903இல் திறந்தார்கள். கட்டும்போது நோயிலும் விபத்திலும் செத்த தொழிலாளர்களின் மயானம் தோர்னேஹாம்னில் இன்னும் இருக்கிறது.

நிலமோ சாமி மக்களுடையது. எங்கட கோயில் சாமி இல்லை, வட ஸ்கண்டிநேவியாவின் பழங்குடி மக்கள். சுரங்கம் தோண்டித் தோண்டி கிருனாவின் தரையே இறங்குகிறது. நகரத்தையே இடம் மாற்றுகிறார்கள். 2025 ஆகஸ்டில் பழைய மரத் தேவாலயத்தை முழுசாக 5 கிலோமீற்றர் தூக்கிக்கொண்டு போனார்கள். ரெயின்டீர் மான்கள் பருவத்துக்குப் பருவம் நடக்கும் வழியை யார் தூக்கி வைப்பது?

2023இல் அதே ஊரில் பெரிய அளவில் அருமண் தனிமங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். மின்கார்களுக்கும் காற்றாலைகளுக்கும் வேண்டுமாம், "பசுமை மாற்றம்" ஆம். காப்னா என்ற சாமி மேய்ச்சல் சமூகம் தங்கள் மான்களின் வழி அடைபடும் என்று எதிர்க்கிறது. தோண்டுவது தனியார் முதலாளிகூட இல்லை, சுவீடன் அரசின் நிறுவனம். அரசுடைமை என்றாலே நீதி என்று நினைக்கும் எங்களுக்கும் இதில் பாடம் இருக்கு.

ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. கார்பன் கணக்கு மட்டும் போதாது என்கிறேன். நிலத்தில் வாழ்கிறவர்களின் சம்மதம் இல்லாத பசுமை, பழைய கொள்ளைக்குப் புதுப் பெயின்ட்.

என்ர மாமா எண்பதுகளில் அகதியாக வந்து நோர்வேயின் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். அந்தக் குளிரைப் பற்றி எத்தனையோ கதை சொல்லியிருக்கிறார். அதுவும் சாமி நிலம்தான் என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஊர்வலங்களில் "எங்கள் நிலம்" என்று தொண்டை கிழியக் கத்தின எனக்கு, நிற்கிற நிலம் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

2020இல் கிர்யாஸ் சாமி சமூகம் தன் நிலப்பகுதியில் சிறுவேட்டை, மீன்பிடி உரிமையை நிர்வகிக்கும் அதிகாரத்தை சுவீடன் உச்ச நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக வென்றது. அவர்கள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நாங்கள்தான் போய்ச் சேரவேண்டும். அடுத்த முறை வடக்கே போகிறவர்கள் டிக்கெட் எடுக்க முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: இது எந்தச் சமூகத்தின் மேய்ச்சல் நிலம்? பிறகு படம் எடுக்கலாம்.