'சுகர் ப்ரீ' சூயிங்கம்: சர்க்கரை இல்லாமல் எப்படி இனிக்குது?

பாக்கெட்டில் 'சுகர் ப்ரீ'ன்னு கொட்டை எழுத்தில் போட்டிருக்கு. வாயில் போட்டால் இனிக்குது. சுகர் உள்ளவங்க இதை மெல்லலாமா, பிள்ளைங்களுக்கு வாங்கித் தரலாமா?

விஷயம் பாக்கெட்டின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கிறது. சைலிட்டால், சார்பிட்டால், மால்டிட்டால், அஸ்பார்டேம் என்று வரிசையாகப் பெயர்கள். சர்க்கரைக்குப் பதில் இவற்றில் சிலதைச் சேர்த்துத்தான் இனிப்பு ஏற்றுகிறார்கள்.

இதில் கெட்டிக்காரன் சைலிட்டால். பல்லைச் சொத்தையாக்கும் கிருமிக்கு சர்க்கரை என்றால் விருந்து. சைலிட்டாலை வைத்து அதால் அமிலம் சுரக்க முடியாது. பின்லாந்தின் துர்க்கு நகரில் 1970-களில் ஆட்களை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். 1975-ல் சைலிட்டால் சூயிங்கம் அங்கே விற்பனைக்கு வந்தது. ஆனால் விலை ஜாஸ்தி. அதனால் மலிவான சார்பிட்டாலை அதிகம் போட்டு, சைலிட்டாலைப் பேருக்குச் சேர்ப்பதும் உண்டு. பட்டியலில் எது முதலில் இருக்கோ, அதுதான் அதிகம்.

சார்பிட்டால் முழுசா ஜீரணம் ஆகாது. ஒண்ணு ரெண்டு மென்றால் ஒன்றும் ஆகாது. தூக்கம் வராமல் இருக்க ராத்திரி பூரா மெல்லும் டிரைவர்கள் ஜாக்கிரதை. வயிறு உப்பும், பேதியும் போகும். சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி என்றால் இதிலும் சுமார் 2.6 இருக்கு. சுகர் உள்ளவங்க அளவோடு மெல்லலாம். அது மாத்திரைக்கு மாற்று கிடையாது.

கேன்சர் பீதி

2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, அஸ்பார்டேமை 'புற்றுநோய் வரவைக்கக்கூடும்' என்ற சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. ஒரே பரபரப்பு. ஆனால் உணவுச் சேர்க்கைகளைப் பார்க்கும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு தினம் 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றவே இல்லை. 60 கிலோ ஆளுக்கு 2,400 மில்லிகிராம். ஒரு சூயிங்கத்தில் இருப்பதோ சில மில்லிகிராம்தான். கேன்சருக்குப் பயந்து சூயிங்கத்தைத் துப்பிட்டு பீடி பற்ற வைப்பவர்களை என்ன சொல்ல?

பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அஸ்பார்டேம் ஆகவே ஆகாது.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மனுஷனுக்கு ஒன்றும் செய்யாத சைலிட்டால், நாய்க்கு விஷம். இன்சுலின் குபீர்னு சுரந்து, ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி வலிப்பு வரும். ரெண்டு மூணு சூயிங்கமே சின்ன நாயின் உயிருக்கு ஆபத்து. தின்றுவிட்டால் உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க, பாக்கெட்டையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.