அந்த நம்பரை சும்மா போடலை

ஜெர்மனியில் பட்டம் வாங்கின நம்ம ஆளுங்க வேலை தேட 18 மாதம் வரை இங்கே தங்கலாம். கேட்க நிறைய மாதிரிதான் இருக்கும். தினம் பத்து விண்ணப்பம் தட்டிவிட்டு, தானா வர்ற நன்றி மெயிலை மட்டும் எண்ணிட்டு இருந்தா கரைஞ்சுடும் மக்கா.

இங்கே பல வேலை விளம்பரங்களின் அடியில் ஒருத்தர் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். 'ஆன்ஷ்ப்ரெஹ்பார்ட்னர்'னு பேரு. விவரம் கேட்கிறவங்களுக்காகத்தான் அது. நம்ம பசங்க "தொந்தரவா நினைப்பாங்க"ன்னு தொடுறதே இல்லை. சித்தப்பா சிபாரிசுன்னா மட்டும் கூச்சம் எங்கே போகுதோ :-)

என் கட்சி, கூப்பிடணும். பெரும்பாலும் எடுக்கிறவர் மனிதவளத் துறை ஆளா இருப்பார். "என் விண்ணப்பம் வந்துச்சா?"ன்னு கேட்டா "பார்க்கிறோம்"னு வெச்சிடுவார். விளம்பரத்தில் இல்லாததைக் கேளுங்க. எந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கிறாங்க? வேலையில் பேசுறது ஜெர்மனா, ஆங்கிலமா? குழுவுக்குத் தலைமை யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைச்சா, உங்களைத் தேர்ந்தெடுக்கப் போற ஆள் அநேகமா அவர்தான். கடிதத்தில் "மதிப்பிற்குரிய அம்மணி, ஐயா" போய் அவர் பெயர் வரும். லிங்க்ட்இன்னில் நாலே வரி எழுதலாம், பதில் இல்லைன்னா ஒரே ஒரு நினைவூட்டல். அவர் வீட்டு நம்பரைத் தேடிப் பிடிக்கிறதெல்லாம் ரொம்ப ஓவர்.

ஜெர்மன் தட்டுத்தடுமாறினாலும் முதல் ரெண்டு வாக்கியத்தை அதில் சொல்லிட்டு, ஆங்கிலத்தில் தொடரலாமான்னு கேளுங்க. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல கூப்பிடாதீங்க, பாதி ஆபீஸ் காலியா இருக்கும்.