மனைக்கு உரியதும் மனையாளுக்கு உரியதும்

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. அவனிபாஜன பல்லவேசுவரம் என்று அங்குள்ள கல்வெட்டே அதற்குப் பெயர் சொல்கிறது. தூணும் சுவரும் கருவறையும் வாயிற்காவலரும் ஒரே பாறை. அவற்றுள் எதையும் பெயர்த்து வேறிடத்தில் வைக்க இயலாது. வைக்க வேண்டிய தேவையும் ஏறத்தாழ 1400 ஆண்டுகளாக எழவில்லை. பிற்காலத்தார் மண்டபம் வேண்டியபோது பாறையில் கைவைக்காமல் முன்புறத்தில் தனியே கட்டிச் சேர்த்துக்கொண்டனர்.

எங்கள் பக்கத்தில் எழும் புதுமனைகளின் சமையலறைகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அக்குடைவரைதான் நினைவுக்கு வருகிறது. கிரானைட் மேடையை வெட்டி அதனுள் இறக்கிய ஹாப், அலமாரிக்குள் அடங்கிய ஓவன், மரப்பலகைக் கதவுக்குப் பின் மறைந்திருக்கும் குளிர்பெட்டி. எது சுவர், எது கருவி என்று தெரியாதபடி எல்லாம் ஒன்றே. காண அழகுதான். ஆனால் கல்லுக்குப் பொருந்தும் இலக்கணம் மோட்டாருக்கும் பொருந்துமா என்பதே என் ஐயம்.

தமிழ் பயிற்றுவிப்போர்க்கு எதைக் கண்டாலும் இலக்கணம் குறுக்கிடும். ‘ஊறுகாய்’ வினைத்தொகை, முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கும், பிரித்தால் சொல் சிதையும். ‘ஊறிய காய்’ என்றால் பெயரெச்சத் தொடர். ஒவ்வொரு சொல்லும் தன் காலில் நிற்கும், ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். பதித்த கருவிகள் முதல் வகை, தனித்து நிற்பவை இரண்டாம் வகை. இரண்டும் மொழிக்கு வேண்டும். எதனை எங்கே ஆள்வது என்பதில்தான் புலமை இருக்கிறது.

நம் முன்னோர் சமையலறையிலும் இரண்டும் இருந்தன. புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனுக்கு எடுத்துரைக்கும்போது காட்டும் அடுப்பு, பக்கங்கள் உயர எடுத்துக் கட்டிய அடுப்பு. சமையல் மறந்துபோனதால் அதில் காளான் பூத்திருக்கிறது. தூக்கிச் செல்லும் அடுப்பன்று அது. நேற்றுவரை இருந்த கொடியடுப்பும் தரையோடு தரையாய் மண்ணால் இட்டதே. ஆட்டுக்கல்லையும் உரலையும் பல வீடுகளில் தரையில் பாதி புதைத்தே வைத்தனர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பதிக்கப்பட்டவை யாவும் மண்ணும் கல்லும். அடுப்பின் விளிம்பு உடைந்தால் சமைப்பவளே களிமண் பூசிச் சரிசெய்தாள். கல் மழுங்கினால் கொத்துபவர் உளியோடு வாசலுக்கே வந்தார். இருந்த இடத்திலேயே செப்பனிட முடிந்ததை மட்டுமே பதித்தார்கள். கும்மட்டி அடுப்பும், பின்னால் வந்த மண்ணெண்ணெய் அடுப்பும் கையோடு நகர்ந்தன.

கோயம்புத்தூரில் 1955இல் பி. சபாபதி உருவாக்கிய மாவரைக்கும் இயந்திரம் அந்த ஆட்டுக்கல்லைத் தரையிலிருந்து பெயர்த்து எழுப்பியது. குனிந்து அமர்ந்து அரைத்த கோடிக்கணக்கான முதுகெலும்புகள் அவருக்குக் கடன்பட்டவை. பிறகு சாய்க்கும் வகை, மேசைமேல் வைக்கும் வகை எனச் சிறுத்துக்கொண்டே வந்து, 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்வழி விலையில்லாப் பொருளாய்க் குடிசைக்குள்ளும் நுழைந்தது. வாடகை வீட்டார் அதைத் தூக்கிக்கொண்டு வீடு மாறினர். அடுத்த வீட்டுத் திருமணத்துக்கு இரவல் கொடுத்தனர். இந்த நடமாட்டம் அதன் பயனில் பாதி.

குளிர்பெட்டியோ பாத்திரம் கழுவும் இயந்திரமோ பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். மனைக்கு ஐம்பது ஆண்டு ஆயுள். ஐம்பதுக்குள் பத்தைப் பதித்தால், பத்து முடிந்ததும் சுவரில் ஒரு பொந்து எஞ்சும். அதே அகலமும் உயரமும் ஆழமும் உள்ள புதுக் கருவியைத் தேடி அலைய வேண்டும். கிடைக்காவிடில் தச்சரைத் திரும்ப அழைக்க வேண்டும். உதிரிபாகங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை வழங்கியே தீர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் விதித்திருக்கிறது. நம் நடுவணரசு 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது, வலைவாயிலும் திறந்தது. நம்மூர் மெக்கானிக்குக் குளிர்பெட்டியின் முதுகைத் திருப்பிக் காட்டினால் போதும். முதுகையே சுவருக்குள் புதைத்துவிட்டால் அவர் என் செய்வார்? தனித்து நிற்பதற்கென்று செய்த பெட்டியைக் காற்றுப் புகாத மாடத்தில் திணிப்பது இன்னும் கேடு. வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்ப்ரசர் ஓயாது உழைக்கும்.

எரிவாயு உருளையைப் பற்றி ஒரு சொல். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்து தரையோடு தேங்கும். அழகுக்காக உருளையை மூடிய அலமாரிக்குள் ஒளித்துவைத்து, அடியில் காற்றுத்துளையும் விடாத சமையலறைகளை நானே கண்டிருக்கிறேன். இங்கே அழகியல் விவாதத்துக்கு இடமில்லை.

ஆனால் என்னை இதை எழுதத் தூண்டியது வேறொன்று. நம் வீடுகளில் குளிர்பெட்டியும் கிரைண்டரும் பெரும்பாலும் சீர்வரிசையாய் வருபவை. அவ்வழக்கம் நன்றென்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். பெண்ணுக்கென வந்த பொருள் அவளுக்கே உரியது, கணவனுக்கு அதில் பங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாக்கியது. தனித்து நிற்கும் பெட்டியை அவள் சுட்டிக்காட்டி, ‘இது என்னுடையது’ என்று சொல்லி வண்டியில் ஏற்றலாம். சுவரில் பதித்த கருவியை? கட்டடத்தோடு நிலையாகப் பிணைத்ததை அசையாச் சொத்தோடு சேர்த்தெண்ணும் வழக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. பதித்த அடுப்பு அதில் அடங்குமா என்பது வழக்கறிஞர்களின் வாதத்துக்கு உரியது. ஆனால் மனைப்பட்டா மாமனார் பெயரில் இருக்க, மருமகளின் தாய்வீட்டுப் பணம் மேடைக்குள்ளும் சுவருக்குள்ளும் போய்க் கரைந்தபின், அவள் எதைச் சுட்டிக்காட்டுவாள்? என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இந்த நிலையில் நின்றதை அறிவேன். கையில் ரசீதுகள் இருந்தன. பொருள் என்று எடுத்துக்காட்ட ஒன்றுமில்லை.

பதித்த சமையலறையின் முன்னோடி பிராங்க்பர்ட் நகரில் 1926இல் பிறந்தது. மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் பெண்களின் காலடிகளைக் கணக்கிட்டு வகுத்த அது, ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைந்தது. பெண்களின் உழைப்பைக் குறைக்க வேண்டும் என்ற அவர் நோக்கம் உயர்ந்தது. எனினும் அதை வகுக்கும்வரை தாம் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொன்னார்! நம்மூரில் ஓவியம் வரைந்து காட்டுவோரும், தவணைக்குக் கையொப்பம் இடுவோரும் பெரும்பாலும் ஆடவரே. பொங்கல் பானை அந்த ஹாப்பின்மேல் அமருமா என்று யாரும் கேட்பதில்லை.

பதிப்பதில் நன்மையே இல்லை என்பதன்று. சென்னையின் குறுகிய அடுக்ககங்களில் ஒவ்வொரு சாணும் பொன். நெஞ்சுயரத்தில் வைத்த ஓவன் மூட்டுவலிக்காரர்க்கு வரம். இடுக்குகளில் கரப்பான் சேராது என்பதையும் மறுக்கவில்லை. சொந்த வீடும் கையிருப்பும் உடையோர் தாராளமாகச் செய்துகொள்ளட்டும்.

மற்றையோர்க்கு நான் சொல்வது: மேடை, தொட்டி, அலமாரி, பரண் இவற்றைக் கல்லாலும் மரத்தாலும் உறுதியாகப் பதியுங்கள். மின்கம்பி கோத்தவை எல்லாம் தனித்து நிற்கட்டும். குளிர்பெட்டிக்கு இன்றைய பெட்டியின் அளவைவிட அரை அடி கூடுதலாக இடம் விடுங்கள். மின்பொருத்திகளைப் பெட்டிக்குப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் கைக்கெட்டும்படி வையுங்கள். வாங்கும் பொருளின் ரசீதை, யார் பணமோ அவர் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள்.