ஊனமுற்ற படைவீரரும் ஆதனவரி விலக்கும்

போரில் உடல்நலனையோ உளநலனையோ இழந்தவனுக்கு நாடு கடன்பட்டுள்ளது என்பதை மறுப்பார் இலர். அக்கடனை இறுக்கவேண்டியவர் யார், எவ்வழியில் இறுக்கவேண்டும் என்பனவே வினாக்கள். ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலம் இவற்றிற்குக் கண்ட விடை, நன்றியுணர்வின் கோலம் பூண்டதாயினும் நீதியின்பாற் பட்டதன்று.

படைச்சேவையால் 100 வீதம் ஊனமுற்றவர் அல்லது தொழில்புரிய இயலாதவர் எனக் கூட்டாட்சி அரசு தீர்மானித்த முன்னாள் படைவீரர், தாம் வாழும் சொந்த வீட்டிற்கு ஆதனவரி எதுவும் செலுத்த வேண்டியதில்லை என 2009இல் அம்மாநிலம் சட்டம் இயற்றிற்று. ஆனால் தொழில்புரியக் கூடியவரெனக் கருதப்படும் 90 வீத ஊனமுற்றவருக்கோ, வரி கணிக்கப்படும் வீட்டுப் பெறுமதியில் 12,000 டொலர் மட்டுமே கழிக்கப்படுகிறது. பத்து வீத வேறுபாடு இத்துணைப் பெரும் பிளவுக்கு நியாயமாகுமா?

இதனினும் கொடியது பிறிதொன்று. முழுவிலக்கிற்கு வீட்டின் பெறுமதி பற்றிய உச்சவரம்பு எதுவுமில்லை. மாளிகையில் வாழ்பவர் பெருந்தொகையும், சிறுவீட்டில் வாழ்பவர் சிறுதொகையும் சலுகையாகப் பெறுகின்றனர். வாடகை வீட்டில் வாழ்பவரோ எதுவும் பெறுவதில்லை. வீட்டுக்காரர் செலுத்தும் வரியை வாடகையினூடாகச் சுமப்பவரும் அவரே. எனவே இங்கு அளவிடப்படுவது காயமன்று, சொத்தே.

வரி நிலுவையால் ஊனமுற்றவர் வீட்டை இழத்தல் ஆகாது என்பர் சலுகையை ஆதரிப்போர். உண்மை. ஆயின் வாடகை நிலுவையால் வெளியேற்றப்படுதல் மட்டும் ஆகுமோ?

இனி, இக்கடனை இறுப்பவர் யார்? தனியாள் வருமானவரி இல்லாத ரெக்சாசில் பாடசாலைகளும் நகராட்சிகளும் ஆதனவரியையே பெரிதும் நம்பியுள்ளன. படைவீரர் திரளாகக் குடியேறும் நகரங்களிலேயே வரி இழப்பும் மிகுதி. போர்ட் ஹூட் படைத்தளத்தை அடுத்த கில்லீன் நகர் அத்தகையது. படைத்தளங்களையொட்டிய உள்ளூராட்சி அமைப்புகளுக்கு ஈடு வழங்க 2015இல் சட்டம் இயற்றியதன்மூலம், இச்சுமையை மாநிலமே ஒப்புக்கொண்டது. போரை நடத்தியது கூட்டாட்சி அரசு. கடனை இறுப்பதோ அயல்வீட்டார்.

ஊனத்திற்கெனக் கூட்டாட்சி அரசு வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு போதாதெனில், அதனையே உயர்த்துதல் வேண்டும். அது வீடுள்ளார்க்கும் இல்லார்க்கும் காயத்தின் அளவிற்கேற்பச் சென்றடையும். அதன் செலவையும் முழு நாடே ஏற்கும். போருக்கு அனுப்பியபோது எவரிடமும் வீட்டுறுதி கேட்கப்படவில்லை. திரும்பி வந்தபின் அதனைக் கேட்பது எவ்வகை நன்றி?