ஆப்பு இல்லாத சட்டங்கள்

கலைக்கல்லூரிகளின் ஆண்டிறுதிக் கண்காட்சிகளில் ஓவியத்தின் முன்பக்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசப்படுகிறது. அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க எவரும் முனைவதில்லை. முனைந்தால் பெரும்பாலும் காணக்கிடைப்பது இதுதான்: பொதிப்பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த நான்கு பைன் பட்டைகள், சாய்வாக அறுத்துப் பசையிட்டு இரும்பாணி அறைந்த மூலைகள், அவற்றின்மேல் இழுத்துக் குத்திய ஸ்டேப்ளர் ஊசிகள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்ததும் துணி தொய்கிறது, மூலைகளில் சுருக்கம் விழுகிறது. மதிப்பெண் அதற்கு முன்பே வழங்கப்பட்டுவிடுகிறது.

இந்தப் பொருளை மாணவரும் கடைக்காரரும் ஆசிரியரும் ஒருமுகமாக ‘ஸ்ட்ரெச்சர்’ என்கிறார்கள். அது ஸ்ட்ரெச்சர் அன்று. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்ட்ரெய்னர்’ என்ற வேறு சொல் இருக்கிறது. மூலை அசையாதது ஸ்ட்ரெய்னர். அதனை நிலைச்சட்டம் எனலாம். மூலைகள் பசையின்றிக் கோக்கப்பட்டு, உட்புறம் செருகிய ஆப்புகளைத் தட்டினால் சிறிதளவு விரியக்கூடியதே ஸ்ட்ரெச்சர், அது விரிசட்டம். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவிய இந்த எளிய ஏற்பாடு, இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னும் இந்திய ஓவியப் பாடத்திட்டங்களில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாமல் போவது தற்செயல் அன்று.

பொருளின் இயல்பைப் பார்த்தால் இந்தப் புறக்கணிப்பின் விலை விளங்கும். கித்தான் ஒரு செத்த பரப்பு அன்று. அதன்மேல் பூசிய வச்சிரப் பசை ஈரத்தில் தளர்கிறது. வறட்சியில் சுருங்கித் துணியை இழுக்கிறது. தில்லியின் மே மாதக் காற்றும் ஆகஸ்டு மாதக் காற்றும் இரு வேறு நாடுகளின் காற்றைப் போன்றவை. கொல்கத்தாவிலோ திருவனந்தபுரத்திலோ ஈரம் சுவருக்குள்ளேயே குடியிருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் ஆண்டுதோறும் இழுபட்டுத் தளரும் துணி, மெல்ல மெல்லத் தன் விறைப்பை இழக்கிறது. விறைப்பிழந்த துணி உட்சாய்ந்து சட்டத்தின் உள்விளிம்பில் உரசுகிறது. பல ஆண்டுகள் கழித்து அந்த விளிம்பின் கோடு வண்ணப்பரப்பில் நேர்விரிசலாக எழுந்து, பின்னால் எவ்வளவு அகலப் பட்டை இருக்கிறது என்பதை முன்னால் நிற்பவருக்குக் காட்டிக்கொடுக்கிறது. நிலைச்சட்டத்தில் இதற்குப் பரிகாரம் ஒன்றே: ஊசிகளைப் பிடுங்கி, ஓரத்துணியைக் கிழித்து, மீண்டும் இழுப்பது. ஒவ்வொரு முறையும் ஓரம் நைந்துபோகும்.

விரிசட்டம் செய்வது மந்திரம் அன்று. உலர்ந்த, முடிச்சில்லாத, நேரான மரம் வேண்டும். முன்புறத்தின் உட்பகுதியை இழைப்புளியால் சரிவாக இழைத்துவிட்டால் துணி வெளிவிளிம்பில் மட்டும் படியும். உள்விளிம்பு அதைத் தீண்டாது. மூலைகளில் ஒரு பட்டைக்கு நாக்கும் மறு பட்டைக்கு அதை ஏற்கும் காடியும் வெட்டவேண்டும். இரண்டும் கையால் தள்ளினால் நுழைய வேண்டும், தானாகக் கழன்று விழவும் கூடாது. மூலைக்கு இரண்டாக நான்கு மூலைக்கும் எட்டு ஆப்புகள். குறுக்குச் சட்டம் இருந்தால் அதன் முனைகளுக்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பில் நார் ஓட்டம் நீளவாக்கில் அமையவேண்டும். குறுக்கே அமைந்தால் முதல் தட்டிலேயே பிளக்கும். சட்டம் சதுரித்திருக்கிறதா என்பதற்கு மூலைமட்டத்தை மட்டும் நம்பலாகாது, இரு மூலைவிட்டங்களையும் அளக்கவேண்டும்: 6 அடிக்கு 4 அடிச் சட்டத்தில் இரண்டும் ஏறத்தாழ 86½ அங்குலம் வந்தால் சரி. மூலைமடிப்பில் ஊசி குத்தும்போது இணைப்பின் குறுக்கே குத்தினால் விரிசட்டம் மீண்டும் நிலைச்சட்டமாகிவிடும். கடைசியாக, ஆப்புகளை மெல்லிய நரம்பால் சட்டத்தோடு கட்டிவைக்கவேண்டும். கழன்று விழும் ஆப்பு, துணிக்கும் கீழ்ப்பட்டைக்கும் நடுவே சிக்கி முன்புறம் ஒரு கட்டியைப்போலப் புடைத்து நிற்கும்.

இதனினும் நுட்பமானது, எப்போது தட்டக்கூடாது என்ற அறிவு. ஜூலையில் துணி தொய்ந்திருக்கிறதென்று ஆப்பை இறுக்கினால், காற்று வறண்டதும் பசை சுருங்கி, ஏற்கெனவே இறுக்கிய துணியை மேலும் இழுக்கும். விரிசல் மூலையிலிருந்து தொடங்கும். மழைக்காலத் தொய்வைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவரே ஆப்பைத் தொடத் தகுதியுள்ளவர். தட்டும்போதும் துணிக்கும் ஆப்புக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகி, மூலை மூலையாகச் சிறிது சிறிதாகவே தட்டவேண்டும். ஆப்புகள் ஆபத்தானவை, கற்றுக்குட்டிகள் ஓவியத்தைக் கிழித்துவிடுவார்கள் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் உண்மைதான். ஆபத்தான கருவியைக் கற்பிக்கத்தான் கல்லூரி இருக்கிறது. கைம்முழ அளவுள்ள சிறு ஓவியங்களுக்கு நிலைச்சட்டம் போதும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறடி ஓவியம் தீட்டாமல் இன்று எந்த முதுநிலை மாணவர் வெளியேறுகிறார்?

பணம் காரணமாகச் சொல்லப்படுகிறது. எட்டு ஆப்புகள் கழிவு மரத்திலேயே கிடைக்கும். கூடுதலாகச் செலவாவது உழைப்பும் திறனும். வண்ணக்குழாய் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்க அஞ்சாதவர்கள் தச்சரின் அரைநாள் கூலியில் பேரம் பேசுவதைப் பணப்பற்றாக்குறை என்று அழைப்பது நேர்மையன்று. உண்மைக் காரணம் பழையது: மரவேலை ‘இன்னார்’ வேலை, ஓவியம் ‘கலைஞர்’ வேலை. சாதி கையையும் கருத்தையும் பிரித்துவைத்த கோடு, பட்டப்படிப்பின் பெயரால் நவீனமாக மீண்டும் வரையப்பட்டிருக்கிறது.

இந்தக் கோடு இந்தியக் கலைப்பள்ளிகளின் பிறப்பிலேயே இருந்ததென்றும் சொல்லமுடியாது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய பள்ளி கைத்தொழிலுக்கும் இடமளித்தது. 1875இல் லாகூரில் தொடங்கிய மேயோ கலைப்பள்ளியின் தொடக்ககால மாணவர் பாய் ராம் சிங், பஞ்சாபின் தச்சர் மரபில் வந்தவர். விக்டோரியா அரசியின் ஆஸ்பர்ன் மாளிகையில் தர்பார் மண்டபத்தை வடிவமைத்தவர். பின்னாளில் அதே பள்ளியின் முதல்வரானார். காலனிய ஆட்சி கைவினைஞர்மேல் கருணை கொண்டிருந்தது என்பது இதற்குப் பொருளன்று. அது அவர்களைச் சந்தைக்கான உற்பத்தியாளராகவே கண்டது. ஆனால் விடுதலைக்குப் பிந்திய கலைக்கல்வி அந்தப் பார்வையைத் திருத்துவதற்குப் பதிலாகத் தச்சரையே வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. இன்று அவர் உள்ளே வருவது கண்காட்சிக்குச் சுவரில் ஆணியடிக்க.

மொழியும் இதற்குச் சாட்சி. ஓவியத்தைச் சூழ்ந்த அலங்காரச் சட்டம், உள்ளே தாங்கும் சட்டம், நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்கீழ் அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியங்கள் நாட்டைவிட்டு வெளியேறாமல் காக்கப்படுகின்றன. மாணவர்களின் ஓவியங்கள் அறைக்குள்ளேயே தொய்ந்து விரிசலிடாமல் காக்கவேண்டிய சட்டமோ இரும்பாணியில் துருவேறிக் கிடக்கிறது. காட்சிக்கூடக் குறிப்பு ‘எண்ணெய் வண்ணம், கித்தான்’ என்பதோடு நின்றுவிடுகிறது. மரம் அதில் இல்லை, மரத்தை அறுத்தவரும் இல்லை. ‘ஆப்பு’ என்ற சொல்லின் கதி இன்னும் இரங்கத்தக்கது. படித்தவர் பேச்சில் அது பிறரைக் கவிழ்க்கும் சூழ்ச்சியாகவும் குரங்குக் கதையாகவும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஒரு பொருளை நிமிர்த்தி நிறுத்தும் கருவி என்ற பொருள் தச்சுப்பட்டறையோடு நின்றுவிட்டது.

விரிசட்டம் ஐரோப்பியச் சரக்கு, இந்திய மரபுக்கு அது எதற்கு என்பது மற்றொரு வாதம். கேட்க இனிமையான வாதம்தான். ஆனால் இந்திய மரபுகள் தாங்குபரப்பை ஒருபோதும் அலட்சியம் செய்ததில்லை. ஒடிசாவின் பட்டசித்திரக்காரர் துணியைப் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் இட்டுத் தாமே பதப்படுத்துகிறார். தஞ்சை ஓவியத்துக்குப் ‘பலகைப்படம்’ என்றே பெயர். பெயரே மரத்திலிருந்து தொடங்குகிறது. ஜாமினி ராய் ஐரோப்பியக் கித்தானை விட்டு விலகியபோது துணி, பாய் எனத் தம் பரப்புகளைத் தாமே தேர்ந்துகொண்டார். கித்தானை விட விரும்புவோர் அவ்வாறே விடட்டும். கித்தானை ஏற்றுக்கொண்டு அதன் முதுகெலும்பை மட்டும் ‘அந்நியம்’ என்று தள்ளுவது மரபுப்பற்று ஆகாது, சோம்பல்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற பதவிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 15 ஆண்டு அனுபவம் போதும், பட்டம் கட்டாயமில்லை என்கிறது அது. அந்தப் பதவி நிறுவன நிர்வாகிகளுக்கு மட்டும் நேர்ந்துவிடப்பட்டதன்று. 30 ஆண்டுகள் உளிபிடித்த தச்சர் ஒருவரை அதில் அமர்த்தி, முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் முதல் பருவத்தில் ஒரு விரிசட்டம் செய்து அவரிடமே மதிப்பெண் பெறட்டும். கண்காட்சிக் குறிப்பில் மரத்தின் பெயரும் செய்தவர் பெயரும் இடம்பெறட்டும். இறுதித் தேர்வு நாளில் தேர்வாளர்கள் ஓவியத்தை முதலில் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து, பின்பக்கத்திலிருந்து மதிப்பிடத் தொடங்கட்டும்.