செலவுக் கணக்கு

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்கி இரண்டு தெரு தள்ளி, ஒரு பேக்கரியின் மாடியில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டை நடக்கிறது. ஒரு பழைய டேபிள் டென்னிஸ் மேஜை. அதன்மேல் பச்சைத் துணி. துணியின் குறுக்கே நீலக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய காவிரி. கரையில் தீப்பெட்டிகளை அடுக்கிக் கட்டிய கோட்டை. வருடம் கி.பி. 1116. கோட்டையின் பெயர் தலக்காடு. கீழேயிருந்து வரும் பன் வேகும் வாசனை மட்டும்தான் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது.

என்னை அங்கே இழுத்துப் போனவன் என் அக்கா மகன். பொறியியல் இரண்டாம் ஆண்டு. "சித்தி, நீங்க தமிழ் எம்.ஏ. தானே? சோழர் படைப்பிரிவுக்கெல்லாம் நல்ல பேரா நாலு சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை" என்றான். பத்து நிமிஷத்துக்குப் போனவள் நான்கு மாதம் போய்க்கொண்டிருந்தேன். போரை ரசிக்கும் ஆள் இல்லை நான். மொழிபெயர்ப்புக்காக என் மேஜையில் வந்து விழும் செய்திகளில் பாதி போர்ச் செய்திகள்தான். விடுமுறை நாளிலும் அதுவா என்ற எரிச்சலோடுதான் முதல் நாள் படியேறினேன்.

இந்த விளையாட்டுக்கு வம்சாவளி உண்டு. நம் சதுரங்கமே ஒரு போர் விளையாட்டுதான். யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு படை உறுப்புகள் அதன் பெயரிலேயே இருக்கின்றன. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிய வேலையை முடித்து, நிலப்படத்தின் மீது பகடை உருட்டிப் போர் நடத்தும் விதிகளை வெளியிட்டார். அதிகாரிகளுக்கு அது பயிற்சிப் பாடமாயிற்று. 1913-ல் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் விளையாடும் முறையை 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகமாக எழுதினார். பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜப் போரின் அபத்தம் புரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே உலகப் போர் வந்துவிட்டது.

இடைக்காலப் போர்களுக்கென்று கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971-ல் 'செயின்மெயில்' என்ற விதித் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அதிலிருந்து கிளைத்தது. இன்று பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடும் பல விளையாட்டுகளுக்கு அதுதான் பாட்டி. 1990-ல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் விதி நூல், எந்தப் பேரரசாக இருந்தாலும் பக்கத்துக்குப் பன்னிரண்டு படைப்பிரிவு போதும், ஒரு மணி நேரத்தில் போரை முடிக்கலாம் என்றது. லிங்கராஜபுரத்து மாடியில் நடப்பது அதன் உள்ளூர்ப் பதிப்பு. வெளிநாட்டு உலோகப் பொம்மைகள் வாங்கக் கட்டுப்படியாகாது. சென்னபட்டணத்துக் கடைசல் மரக் காய்கள்தான் படை. அரக்குச் சிவப்பு சோழர், மஞ்சள் ஹொய்சளர். ஒரு காய்க்கு இருநூறு ஆள் கணக்கு.

கணக்கு என்றதும் நடுவரைச் சொல்ல வேண்டும். ராணுவக் கணக்குத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அங்கிள். அவர்தான் இதை ஒரு நாள் சண்டையாக விடாமல் தொடராக்கியவர். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு நாள் சண்டையில் பன்னிரண்டு பிரிவையும் பலி கொடுத்து ஜெயிக்கலாம். அடுத்த வாரம் எல்லாக் காய்களும் பெட்டியிலிருந்து எழுந்து வந்துவிடும். தொடரில் செத்தவன் செத்தவன்தான். இன்று வீணாக்கிய குதிரைப்படை அடுத்த மாதம் கிடைக்காது. மழை வரும், நெல் தீரும், வழியில் உள்ள ஊர்க்காரன் சோறு போட மறுப்பான். இங்கிலாந்தில் டோனி பாத் என்பவர் 1950-களில் தொடங்கி ஒரு கற்பனைக் கண்டத்தில் இப்படி வருடக்கணக்கில் போர் நடத்தினார். தளபதியின் குணம் என்ன, விசுவாசி யார், துரோகி யார் என்பதைச் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டு உருவித் தீர்மானிப்பார். 1973-ல் அந்த வித்தையைப் புத்தகமாகவும் போட்டார்.

ஆங்கிலத்தில் இந்தத் தொடருக்குக் 'கேம்பெய்ன்' என்று பெயர். அதற்குத் தமிழ் என்ன என்று என்னைக் கேட்டார்கள். பத்திரிகைத் தமிழில் அது பிரசாரம். ஓட்டு வாசனை அடிக்கும். யோசித்தபோது பழைய சொல் ஒன்று அகப்பட்டது: செலவு. பழந்தமிழில் செலவு என்றால் போதல், பயணம், படை நடத்திச் செல்லுதல். இன்று செலவு என்றால் பணம் கரைவது. ஒரே சொல்லில் படையெடுப்பும் பற்றுக்கணக்கும். அங்கிளிடம் சொன்னேன். முப்பது வருடமாக இதைத்தானே எழுதிக்கொண்டிருந்தேன் என்று சிரித்தார்.

உண்மையில் தொடர் போரின் படிகளை நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள். புறப்பொருள் வெண்பாமாலை படித்தவர்களுக்குத் தெரியும். மாட்டைக் கவர்ந்து வந்து வம்பிழுப்பது வெட்சி. அதை மீட்கப் போவது கரந்தை. பகைவர் மண்ணை நோக்கிப் படை நடத்துவது வஞ்சி, அதைத் தடுத்து நிற்பது காஞ்சி. கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை, உள்ளேயிருந்து காப்பது நொச்சி. நேருக்கு நேர் களத்தில் மோதுவது தும்பை, ஜெயித்தால் வாகை. எம்.ஏ. பரீட்சைக்காக நெட்டுருப் போட்டபோது இது வெறும் பூக்களின் பட்டியலாகத்தான் எனக்குத் தெரிந்தது. பச்சைத் துணியின் மேல் காய்கள் நகர்ந்தபோதுதான் ஒவ்வொன்றும் அடுத்ததை எப்படி இழுத்துக்கொண்டு வருகிறது என்று புரிந்தது. முதல் ஞாயிறு நாற்பது மாட்டில் ஆரம்பித்த தகராறு, ஐந்தாம் ஞாயிறு கோட்டை வாசலில் வந்து நின்றது.

தலக்காட்டின் கதை நிஜமானது. கங்கர்களின் தலைநகரான அந்த ஊரை 1004-ஐ ஒட்டிச் சோழர் பிடித்து, ராஜராஜபுரம் என்று பெயர் மாற்றினார்கள். கங்கவாடி முடிகொண்ட சோழ மண்டலமாயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராஜன் அதை மீட்டான். சோழர் தரப்பில் காத்து நின்று, சரணடைய மறுத்தவன் அதியமான் என்ற தலைவன். அப்போது சோழ அரசன் முதற் குலோத்துங்கன். கலிங்கத்தை வென்றதற்காக ஜெயங்கொண்டார் பரணி பாடினாரே, அதே குலோத்துங்கன். கலிங்கத்துக்குப் பரணி உண்டு. அதே அரசனின் காலத்தில் கைவிட்டுப் போன தலக்காட்டுக்குப் பரணி இல்லை. எங்கள் மேஜையில் என் அக்கா மகன் அதியமான். கங்கராஜன், மல்லேஸ்வரத்திலிருந்து வரும் ஒரு கன்னடப் பையன்.

அங்கிள் வைத்த விதிகளில் ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. ஒரு காய் விழுந்தால் அதை இழந்தவன் நோட்டில் ஒரு நடுகல் எழுத வேண்டும். ஆள் பெயர், ஊர், எங்கே எப்படிப் பட்டான். மூன்று வரி போதும். எழுதாமல் அடுத்த ஆட்டம் கிடையாது. முதலில் பையன்கள் முனகினார்கள். பிறகு காய்களை நகர்த்தும் கைகள் கொஞ்சம் நிதானப்பட்டதைப் பார்த்தேன்.

ஆறாம் ஞாயிறு பகடை வெள்ளம் என்றது. காவிரி பெருகிச் சோழருக்கு வரவேண்டிய நெல் அக்கரையில் நின்றுவிட்டது. கங்கராஜன் விளையாட்டாகத்தான் சொன்னான்: "ஏன் மச்சி, தண்ணி கம்மியானாலும் உங்களுக்குப் பிரச்சினை, ஜாஸ்தியானாலும் பிரச்சினையா?" எல்லோரும் சிரித்தார்கள். அதியமான் சிரிக்கவில்லை. "அணையைப் பூட்டி வெச்சுக்கிட்டுப் பேசறவங்களுக்கு எல்லாம் தமாஷ்தான்" என்றான். அதற்கு ஒரு பதில். அதற்கொரு பதில். "அவ்ளோ கஷ்டம்னா உங்க ஊருக்கே போ" என்று யாரோ சொன்னது கேட்டது. என் அக்கா மகன் பிறந்தது இங்கிருந்து அரைக் கிலோமீட்டரில். அங்கிள் பெட்டியைத் திறந்து காய்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார். "1116-ல அணை கிடையாது. இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது" என்றார்.

எனக்கு 1991 டிசம்பர் ஞாபகம் வந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பா தமிழ்ப் பேப்பர்களை மெத்தைக்கடியில் ஒளித்தார். தெருவில் வாயைத் திறக்காதே என்று அம்மா சொன்னாள். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா, ஒரு வார்த்தை பேசாமல், அரிவாள்மணையையும் ஒரு கூடை பீன்ஸையும் எடுத்துக்கொண்டு எங்கள் வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து காய் நறுக்கினார். போகிறவர்கள் அது அவர் வீடென்று நினைக்கட்டும் என்று. 2016 செப்டம்பரில் மறுபடி பஸ்கள் எரிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "நீங்க ஒரு தடவைகூட சொன்னதில்லையே சித்தி" என்றான். சொன்னதில்லைதான். சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு இருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். அங்கிள் ஒரு அபராதம் போட்டார். இனி அவனவன் காய்க்கு அவனவன் நடுகல் எழுத முடியாது. சோழர் பக்கம் விழுந்தவனுக்குக் கன்னடப் பையன் எழுத வேண்டும். ஹொய்சளர் பக்கம் விழுந்தவனுக்கு என் அக்கா மகன். நிஜக் கல் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள் என்று விரட்டினார்.

பார்ப்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். சில கிலோமீட்டரில் ஹெப்பாள். அங்கே 2018-ல் தெரியவந்த ஒரு கல், கி.பி. 750-ஐ ஒட்டியது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், ரட்டவாடிப் படை வந்தபோது எதிர்த்து நின்று செத்த கிட்டய்யா என்பவனுக்கு எழுப்பியது. தெற்கே பேகூரில் இன்னொரு கல், 890-ஐ ஒட்டியது. 'பெங்களூரு' என்ற பெயர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடம் அதுதான். என்ன எழுதியிருக்கிறது? பெங்களூருச் சண்டையில் பெர்வோண செட்டி என்பவன் செத்தான் என்று. இந்த நகரத்தின் பெயரே நமக்கு ஒரு சாவுச் செய்தியில்தான் கிடைத்திருக்கிறது. எந்த அரசன் எதற்காக அங்கே சண்டை போட்டான் என்று கேட்டால் ஆராய்ச்சியாளரிடம்தான் போகவேண்டும். செட்டியின் பெயர் கல்லில் நிற்கிறது.

கிட்டய்யாவைப் பார்த்துவிட்டு வந்த கன்னடப் பையன் என்னிடம் கேட்டான்: "மேடம், தமிழ்க் கல்லுல மாடு புடிக்கற சண்டைக்கு என்ன எழுதுவாங்க?" செங்கம் பக்கத்து நடுகற்களில் மாட்டு மந்தைக்குத் 'தொறு' என்று வரும், தொறு மீட்டுப் பட்டான் என்று எழுதுவார்கள் என்றேன். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழி எழுத்துக் கல்லில் மாடு கவர்தலுக்கு 'ஆகோள்' என்றிருப்பதையும் சொன்னேன். அவன் முகம் மாறியது. "எங்க கல்லுலயும் துறுகோள்னுதான் மேடம் இருக்கு. அதே துறு, அதே கோள்." தொறுவும் துறுவும் ஒரே மாடு. களவாடியவனும் மீட்டவனும் அதை ஒரே சொல்லால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இதனால் காவிரித் தகராறு தீர்ந்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. அந்த இரண்டு பையன்களும் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். கொஞ்சம் முறைப்பு இருக்கிறது. ஆனால் எட்டாம் ஞாயிறு கோட்டை வாசலில் நின்ற சோழரின் கடைசி யானைப்படை மேல் பாயும் வாய்ப்பு கங்கராஜனுக்குக் கிடைத்தபோது, அவன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தான். "இவங்களுக்கு நான்தானே அங்கிள் எழுதணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் உருட்டினான். ஆறு விழுந்தது.

வரலாற்றில் போலவே மேஜையிலும் தலக்காடு விழுந்தது. அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணக்கு வாசித்தார். சோழர் இழப்பு பத்தொன்பது காய். ஹொய்சளர் இழப்பு பதினான்கு. மொத்தம் முப்பத்து மூன்று. காய்க்கு இருநூறு வீதம் ஆறாயிரத்து அறுநூறு பேர். நோட்டில் வெற்றி யாருக்கு என்பதற்கு ஒரு வரி இருக்கிறது. மீதி பதினொரு பக்கமும் நடுகல்.

அடுத்த தொடருக்கு என் அக்கா மகன் ஹொய்சளர் பக்கத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறான். படைப்பிரிவுகளுக்குக் கன்னடத்தில் நாலு நல்ல பெயர் வேண்டுமாம். என்னிடம் ஏது? மல்லேஸ்வரத்துக்குப் போன் பண்ணிக் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.